நாடகம் படிப்பித்த சேருக்கு நினைவு எடுக்கும்போது

கேள்வி சுருக்கமாக இது: "எங்களுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பித்த சேர் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. எண்பதுகளில் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தவர். பிறகு ஆசிரியராகி மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்திலும் கடைசிவரை கற்பித்தார். ஓராண்டு நினைவுக்கு மலர் ஒன்று வெளியிட்டு, மண்டபத்தில் நிகழ்வும் வைக்கப் பழைய மாணவர்கள் யோசிக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?"

எட்டு மாதம் போதும். எந்த வேலையை முதலில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இப்படியான குழு கூடினால் மண்டபம், பிரதம அதிதி, மலர்க்குழு மூன்றையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடும். அவை கடைசி இரண்டு மாதத்து வேலைகள். முதல் வேலை சேருடைய அலுமாரி. திரையில் நடித்தவருக்குப் படமாவது மிஞ்சும். ஆசிரியராக அவர் செய்ததோ ஒத்திகையில் நடந்து, ஒத்திகையோடேயே போய்விட்டது. அதில் மிச்சம் இருப்பது அவருடைய கொப்பிகளும், படித்தவர்களின் உடம்பில் ஊறிய பழக்கமும்தான். ஆகவே நினைவின் நடுவில் நடிகரை வைக்காமல் ஆசிரியரை வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணத்தில்தான்.

வீட்டாரிடம் "சேருடைய பழைய பேப்பர் இருக்கா" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள், அவர்கள் மனதில் அச்சடித்த புத்தகம் இருப்பதால். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ரோனியோவில் (பழைய மைப் பிரதி இயந்திரத்தில்) அடித்த நாடகப் பிரதி, மேடைப் படம் கீறிய சி.ஆர். கொப்பி, பாடக்குறிப்பு, பாத்திரத்துக்கு ஆள் போட்ட துண்டு, தமிழ்மொழித் தினப் போட்டிச் சான்றிதழ், உடுப்புக்குத் துணி வாங்கிய பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு எதற்கு என்று கேட்கவேண்டாம். எந்த நாடகம் எந்த ஆண்டில் மேடையேறியது என்பதைப் பல வேளைகளில் அதுதான் உறுதிப்படுத்தும்.

இவற்றில் மிகப் பெறுமதியானது நெறியாள்கைப் பிரதி. வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் யார் எங்கே நகர வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், மத்தளம் எந்தச் சொல்லில் விழ வேண்டும் என்று குறித்திருப்பார். ஒரே நாடகத்துக்கு மூன்று பிரதிகள் கிடைத்தால் துப்புரவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பதுதான் வழமையாக நடக்கும் பெரிய அழிவு. கிறுக்கல் கூடிய பிரதியைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும்போது கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். நீல மை ஒரு தயாரிப்பு, பென்சில் இன்னொரு தயாரிப்பு, சிவப்பு மூன்றாவது என்று அடுக்கடுக்காக இருக்கும். நிறம் போனால் அந்த அடுக்கும் போய்விடும். மையில் எழுதியதற்கு 300 டிபிஐ போதும். மங்கிய ரோனியோவுக்கும் பென்சிலுக்கும் 600 வையுங்கள். துருப்பிடித்த குத்தூசியை இழுத்தால் தாள் கிழியும். மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்திவிட்டு மேலே தூக்குங்கள். தாள்களை உங்கள் எண்ணப்படி அடுக்க வேண்டாம், கிடைத்த ஒழுங்கிலேயே பின்புறம் மெல்லிய பென்சிலால் இலக்கம் இடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் காலை வெளிச்சம் வரும் யன்னலோரம் கறுப்புத் துணி விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுக்கலாம்.

லமினேற் செய்யவே கூடாது. அன்பு மிகுதியால் முதலில் செய்வது அதுதான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது, உள்ளே அகப்பட்ட ஈரப்பதன் தாளைத் தின்னும். ஒட்டுநாடாவும் சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். கறையான் பிடித்த கட்டென்றால் வெளியே எடுத்து ஒவ்வொரு தாளாக உதறி, நிழலில் காற்றாட விட்டபிறகு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

எடுத்த கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஓர் இடம் கரையோரமாக இருக்கக் கூடாது. கல்லடியில் ஒன்று, கல்முனையில் ஒன்று என்று வைத்துவிட்டு இரண்டு பிரதி இருக்கிறது என்று ஆறுதல்பட முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் இரண்டையும் ஒரே காலையில் எடுத்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் உட்பகுதிகளும் மூழ்கின, ஆகவே ஒரு பிரதி மாகாணத்துக்கு வெளியே இருப்பது நல்லது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம், நினைவு மலர்களும் பாடசாலை வெளியீடுகளும் அங்கே நிறைய உண்டு. கொடுக்கும் முன் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அது இப்போது அவருடைய வாரிசுகளுக்கு உரியது, பழைய மாணவர் சங்கத்துக்கு அல்ல. சேர் எழுதாமல் நெறியாள்கை மட்டும் செய்த நாடகமென்றால் எழுதியவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பாடசாலை நாடகங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது சாதாரணம்.

அடுத்தது வீடியோ கசெற். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் விஎச்எஸ் நாடாவுக்குப் பூஞ்சணம் நிச்சயம். கசெற்றின் யன்னல் வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடவே வேண்டாம். போட்டால் பொடி பிளேயரின் தலையில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி நாடாவைக் கீறும், அடுத்து போடுகிற நல்ல கசெற்றுக்கும் தொற்றும். அப்படியானதைத் துப்புரவு செய்யத் தெரிந்த கடைக்குத் தனியாகக் கொடுங்கள். சுத்தமான கசெற்றின் பின் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்ரிக் தட்டை முறித்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. பிறகு ஒரு தடவை முன்னே ஓடவிட்டுப் பின்னே சுற்றிவிட்டு, அதன்பின் பதிவு எடுங்கள்.

எங்கள் ஒளிபரப்பு முறை பால் (PAL): 625 கோடு, செக்கனுக்கு 25 படச்சட்டம். மலிவான பதிவுக் கருவிகள் அமெரிக்க முறையான என்ரிஎஸ்சியில் வைத்தபடியே வரும். அதை மாற்றாமல் எடுத்தால் நிறமில்லாமலோ உருண்டுகொண்டோதான் படம் வரும், உடனே "கசெற் பழுது" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். 720க்கு 576 அளவில், கோட்டுப் பின்னலைக் (interlace) கலைக்காமல் மூலப்பதிவு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டிவி (DV) கோப்பு வடிவத்தில் எடுத்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். திரையில் காட்டுவதற்குச் சிறிய பிரதியை அதிலிருந்து செய்யலாம். ஒவ்வொரு கசெற்றையும் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பூப்புனித நீராட்டு விழா முடிந்த இடத்திலிருந்து ஒரு பாடசாலை நாடகம் தொடங்குவது இங்கே புதிதல்ல.

தொலைக்காட்சிக் காலத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள்: நாடகத்தின் பெயர், ஒளிபரப்பான ஆண்டு, நிலையம், பாத்திரம், பெயரோட்டத்தில் அவருடைய பெயர் எப்படி வந்தது. நடிப்புக்கு ஒரு பெயரும் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு பெயரும் வைத்திருந்தவர்கள் உண்டு. அது தெரியாமல் நிலையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நினைவுகளை ஆண்டுகளோடு ஒத்துப் பாருங்கள். ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். "1980இல் ரூபவாஹினியில் நடித்தார்" என்று யாராவது எழுதித் தந்தால் ஆண்டு பிழை, அல்லது நிலையம் பிழை. ஐரிஎன் (சுயாதீனத் தொலைக்காட்சி) 1979இலேயே வந்துவிட்டது. படிப்பு விவரத்திலும் இதே கவனம் வேண்டும். வந்தாறுமூலை 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி, கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது 1986இல். கல்லடியில் இப்போது சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருப்பது முன்பு இசை நடனக் கல்லூரி. "கிழக்கின் முதலாவது தொலைக்காட்சி நடிகர்" போன்ற வரிகளை நிரூபிக்க முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். அவருக்கு அந்த வரி தேவையில்லை.

நிலையத்திடம் காட்சி கேட்பதென்றால் நாடகத்தின் பெயரும் ஆண்டும் இட்டு, எதற்கு, எத்தனை நிமிடம் என்று கடிதமாக எழுதுங்கள். ஒளிநாடாவை அழித்து மறுபடி பதிவது அந்தக் காலத்தில் உலகெங்கும் இருந்த வழக்கம். கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள். மண்டபத்தில் இரண்டு நிமிடம் காட்டத் தரும் அனுமதி யூடியூப்பில் ஏற்றுவதற்குச் செல்லாது, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இனிப் பழைய மாணவர்கள். "சேர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கண்டிப்பு, ஆனால் அன்பு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாள் ஒத்திகையில் என்ன செய்யச் சொன்னார், எங்கே உட்கார்ந்து பார்ப்பார், வசனம் மறந்தால் சொல்லிக் கொடுப்பாரா காத்திருப்பாரா, பெண் பிள்ளைகளை அனுப்ப மறுத்த வீடுகளில் போய் என்ன பேசினார், நடிக்க வராத பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தார் என்று கேளுங்கள். அதைவிட நல்லது, ஒரே நாடகத்தில் நடித்த இருவரை ஒன்றாக நிறுத்தி அந்தப் பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்வது. வாய் மறந்ததைக் கால் மறந்திருக்காது. முழு உடம்பும் தெரியக் கைப்பேசியைக் கிடையாக வைத்து எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒலியில் இரைச்சல்தான் மிஞ்சும். பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சிகளின் வேரையும் கொஞ்சம் தேடலாம். குரல், உடல், கற்பனை என்று பிரித்துச் செய்யும் களப்பயிற்சி எங்கள் பக்கத்து வகுப்பறைகளுக்கு வந்ததில், 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரிக்குப் பங்கு உண்டு. மட்டக்களப்பில் அதோடு கூத்தும் கலந்தது. பேராதனையில் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆடிய சி. மௌனகுரு பிறகு இங்கே வந்து ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார். சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார். உங்கள் சேர் இவற்றில் எதை எடுத்தார், தொலைக்காட்சியிலிருந்து எதைக் கொண்டுவந்தார் என்பதை ஒரு கட்டுரையாக எழுதினால் மலரில் அதுவே முதுகெலும்பு.

நிகழ்வில் அவருடைய நாடகம் கட்டாயம் இருக்க வேண்டும். முழு நாடகம் வேண்டாம், 20 முதல் 25 நிமிடத்துக்கு ஒரு பகுதி போதும். அன்று நடித்தவர்களே மறுபடி நடிக்க ஆசைப்படுவார்கள். ஐம்பது வயதில் இளவரசன் வேடம் சிரிப்பைத்தான் தரும், அதுவும் தவறான இடத்தில். அன்று அந்தப் பாத்திரத்தைச் செய்தவர் இன்று உயர்தரத்தில் நாடகம் எடுக்கும் மாணவர் ஒருவருக்கு அதைப் பழக்கட்டும். ஆறு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் அமையும். முதல் கிழமை முழுக்கச் சேரின் பயிற்சிகள் மட்டும், பிரதியைத் தொடவே வேண்டாம். மாணவர்களைத் தெரிவுசெய்யும் முன் பரீட்சைத் திகதியையும் தமிழ்த்தினப் போட்டித் திகதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூத்து ஒன்றை எடுப்பதென்றால் கணக்கு வேறு. சட்டம் கொடுத்து (ஆடுபவருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுப்பது), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து) அரங்கேறுகிற காரியத்தை ஆறு கிழமைக்குள் அமுக்கினால் ஆட்டம் பிழைக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் முறைப்படி வெற்றிலை வைத்துக் கேட்டு, ஏற்கெனவே ஆடிப் பழகிய ஊர்க்குழுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுங்கள்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஆறு வரி வசனத்தை ஒருவர் இரண்டு முறை நடித்துக் காட்டட்டும். முதலில் ஒன்றரை மீற்றர் தூரத்தில் கமரா, முகம் மட்டும் திரையில். அடுத்து கமராவை நிறுத்திவிட்டு அதே வசனம் கடைசி வரிசைக்கு. இரண்டு தொழிலுக்கும் இடையில் உங்கள் சேர் எதைக் கடந்து வந்தார் என்பது மூன்று நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரியும். புரொஜெக்டரில் படம் கொஞ்சம் பிந்தி வரும், நடிகர் திரையைப் பார்த்தால் தடுமாறுவார். ஆகவே அவர் திரைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

மண்டபத்தில் கெடுவது பெரும்பாலும் ஒலி. சட்டையில் குத்துகிற மைக் கூத்து உடுப்பில் உரசிச் சரசரக்கும். மேடை விளிம்பில் தரையோடு இரண்டு மைக், மேலே இரண்டு என்று வைத்து ஸ்பீக்கரை நடிகருக்கு முன்னால் நிறுத்தினால் கூவல் வராது. மத்தளத்துக்கு மைக் வேண்டாம். அதைப் பக்கவாட்டில் பின்தள்ளி இருத்தினாலே மண்டபம் நிறையும். மார்கழி, தையில் தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது, ஆகவே அந்த மாதங்களில் தகரம் அல்லாத கூரை தேடுங்கள். ஆனி, ஆடியில் திறந்தவெளி என்றால் கச்சான் காற்று பின்திரையைப் பாயாக ஊதிவிடும், மைக்கிலும் இரையும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள், இரவு எத்தனை மணிவரை பாவிக்கலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள். ரிக்கற் வைத்துக் காட்டுவதென்றால் பிரதிக்கு முன் அனுமதி வேண்டியிருக்கும். பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரை இரண்டு மாதம் முந்தியே கேட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சி ஒழுங்கில் தயவு தாட்சண்ணியம் பார்க்க வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றப் பத்துப் பேர், ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை என்று போனால் நாடகம் தொடங்கும்போது பிள்ளைகளின் ஒப்பனை வேர்வையில் வழிந்திருக்கும், பிரதம அதிதி எழும்பிப் போயிருப்பார். விளக்கேற்றல் முடிந்த கையோடு நாடகம். அதன்பின் பேச்சு மூன்று, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்: ஒன்று குடும்பத்தார், ஒன்று கூட நடித்தவர், ஒன்று மாணவர். நினைவுப் பேருரை வேண்டுமென்றால் இன்னொரு நாளுக்கு வையுங்கள். பேருரையாளர் விபுலானந்த அடிகளின் நாடக ஆய்வு நூலான மதங்க சூளாமணியில் (1926) தொடங்கினாரென்றால் உங்கள் சேரிடம் வந்து சேர அரை மணித்தியாலம் ஆகும். முழு நிகழ்வும் 100 நிமிடத்துக்குள் முடியட்டும்.

திகதியைக் குடும்பத்தோடு பேசித் தீர்மானியுங்கள். ஆண்டுத் திவசம் திதிப்படி வரும், ஆங்கிலத் திகதியோடு ஒத்து வராது. இரண்டும் மோதினால் வீட்டார் வரமாட்டார்கள். சேர் கிறிஸ்தவரென்றால் பூசை நேரத்தைக் கேளுங்கள். முஸ்லிம் என்றால் படத்துக்கு மாலை, விளக்கு, மௌன அஞ்சலி என்பவற்றை வீட்டாரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

மலருக்கு வருவோம். நினைவு மலர்கள் பலவற்றில் பாதி ஆசிச்செய்தி, மீதியில் பாதி விளம்பரம். ஆசிச்செய்திகளை இரண்டு பக்கத்தோடு நிறுத்துங்கள். அச்சில் 16 பக்கம் ஒரு படிவம், ஆகவே 64, 80, 96 என்று திட்டமிட்டால் தாள் வீணாகாது. உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, தயாரிப்புகளின் முழு அட்டவணை (ஆண்டு, பாடசாலை, நடித்தவர், போட்டி முடிவு), 15 பயிற்சிகள் வேறொரு ஆசிரியர் படித்துச் செய்யக்கூடிய விதமாக, ஒரு முழுப் பிரதி அவருடைய பென்சில் குறிப்புகளோடு. பயிற்சியை எழுதும்போது எத்தனை பேர், எவ்வளவு இடம், எத்தனை நிமிடம், எந்த வயது, எங்கே பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதும் வர வேண்டும். "மூச்சுப் பயிற்சி கொடுத்தார்" என்ற வரியை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு அங்குல அகலத்தில் அச்சடிக்கும் படத்துக்கு 1200 புள்ளி அகலம் வேண்டும். முகநூலில் இருந்து இறக்கிய படம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். மூலப் படத்தை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள்.

பழைய பிரதிகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி இருக்கும். யூனிகோட்டுக்கு மாற்றியதும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். கொம்பு இடம் மாறும், வடமொழி எழுத்துகள் சிதறும், இடையில் வந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் குப்பையாக மாறும். நாடகத்தில் இன்னொரு ஆபத்து, "பிழை திருத்துபவர்" மட்டக்களப்புப் பேச்சு வழக்கை ஏட்டுத் தமிழாக்கிவிடுவார். "என்ன கா", "வாங்க மனே" என்று சேர் எழுதியிருந்தால் அப்படியே நிற்க வேண்டும், அதை மெய்ப்புப் பார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் மிஞ்சினால் வெள்ளித்தட்டும் கேடயமும் வேண்டாம். வலய மட்டத்தில் வென்ற நாடகம் மாகாணப் போட்டிக்குப் போகும்போது பாடசாலை படும் பாடு வாகனச் செலவும் உடுப்பும்தான். அதற்கு ஒரு நிதி வையுங்கள். ஐந்து இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இட்டு, வட்டி எட்டு வீதமென்றால் ஆண்டுக்கு 40,000 வரும். வட்டி வீதம் இங்கே ஏறி இறங்கும், அதனால் "ஆண்டுதோறும் இவ்வளவு தருவோம்" என்று தொகை சொல்லாமல் "அவ்வாண்டு வட்டி" என்று எழுதுங்கள். கணக்கு மூவர் பெயரில், இருவர் கையொப்பத்தில் இருக்கட்டும், அதில் ஒருவர் குடும்பத்தவர். பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டோடு போகட்டும். உதவி பெறுகிற பாடசாலை நாடகப் பிரதியும் ஒரு வீடியோவும் தர வேண்டும் என்பதை ஒரே நிபந்தனையாக வையுங்கள். அவை சேருடைய கோப்புகள் இருக்கிற அதே சேமிப்பில் சேரட்டும்.